சட்ட மருத்துவ நஞ்சியல்: கொழும்பு மருத்துவ மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கிறது. பிரேத அறைக்கு வெளியே நிற்கும் உறவினர் தமிழில் பேசுகிறார். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் மாணவருக்காக இந்தப் பக்கம். பரீட்சைக்கு உதவும், ஆனால் முதன்முறை கையுறை போட்டுக்கொண்டு மேசையருகே நிற்கும் நாளுக்குத்தான் இதை எழுதினோம்.

நஞ்சியல் அறிக்கை வந்துவிட்டால் மரண காரணம் தெரிந்துவிடும்தானே?

தெரியாது. ஆய்வுகூடம் சொல்வது ஒன்றுதான்: "இந்தப் போத்தலில் இருந்த இந்த மாதிரியில் இந்தப் பொருள் இந்தச் செறிவில் இருந்தது." அந்தப் பொருள்தான் ஆளைக் கொன்றதா என்பதைச் சொல்ல வேண்டியவர் சட்ட வைத்திய அதிகாரி. சம்பவ இடத்தில் கிடைத்தவை, உறவினர் சொன்னவை, வைத்தியசாலைக் கட்டில் குறிப்பு, பிரேத பரிசோதனையில் கண்டவை, நுணுக்குக்காட்டியில் இழையம் காட்டியது எல்லாவற்றையும் அவர் ஒன்றாக வைத்துப் பார்க்கிறார். அந்த வரிசையில் ஆய்வுகூட எண்ணும் ஒன்று, அவ்வளவே.

அளவுதான் நஞ்சைத் தீர்மானிக்கிறது என்று பரசெல்சஸ் 16ஆம் நூற்றாண்டில் சொன்னதை முதல் விரிவுரையிலேயே கேட்டிருப்பீர்கள். இறந்தவரின் உடலில் அதற்கு ஒரு துணை விதியும் உண்டு: அந்த அளவை எந்த இடத்திலிருந்து, எப்போது, எந்தப் பாத்திரத்தில் எடுத்தீர்கள் என்பதையும் சேர்த்தால்தான் எண்ணுக்கு அர்த்தம். கீழே வரும் பதில்களில் பாதி இந்தத் துணை விதியின் விளக்கம்தான்.

கொழும்பில் ஒரு மாதிரி எந்த வழியாகப் போகிறது?

திடீர் மரண விசாரணை அதிகாரியோ நீதவானோ பிரேத பரிசோதனைக்குக் கட்டளையிடுவார். சட்ட வைத்திய அதிகாரி பரிசோதனையின்போது மாதிரிகளை எடுத்து, பெயரிட்டு, முத்திரையிட்டு, கையொப்பம் வாங்கிக்கொண்டு பொலிஸாரிடம் ஒப்படைப்பார். அவை நீதிமன்றக் கட்டளையுடன் பத்தரமுல்லை பெலவத்தையில் உள்ள அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களத்துக்குப் போகும். அறிக்கை திரும்பி வந்த பிறகே மரண காரணம் இறுதியாகும். அதுவரை "மேலதிக விசாரணைக்காக ஒத்திவைக்கப்பட்டுள்ளது" என்று எழுதி வைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவசரப்பட்டு ஒரு காரணத்தை எழுதிவிட்டுப் பிறகு நீதிமன்றத்தில் மாற்றுவதுதான் சங்கடம்.

உயிரோடு இருக்கும் நோயாளிக்கு வழி வேறு. கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தேசிய நஞ்சுத் தகவல் நிலையம் இருக்கிறது. எந்த நஞ்சு, என்ன சிகிச்சை என்று வைத்தியர்கள் அங்கே கேட்கலாம். சட்டத் தேவைக்கான பகுப்பாய்வு வேறு, உயிர் காக்கும் ஆலோசனை வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எந்தெந்த மாதிரி, எவ்வளவு எடுக்க வேண்டும்?

அநேகமாக எல்லா உடலிலும் எடுக்க வேண்டியவை இவை.

தொடை நாளத்து இரத்தம்: 10 முதல் 20 மில்லிலீற்றர். கவட்டுப் பகுதியில் நாளத்தைத் திறந்து காட்டி, உடற்பக்க முனையை நூலால் கட்டிவிட்டு, கால் பக்கத்திலிருந்து சிரிஞ்சினால் இழுக்க வேண்டும். கட்டாமல் இழுத்தால் வயிற்றுப் பெருநாளத்து இரத்தமும் கூடவே வரும். போத்தலில் "தொடை இரத்தம்" என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது கலப்பு. இரத்தம் குறைவாக வருகிறதென்று காலை அழுத்திப் பிழிவதும் நல்லதல்ல.

கண்ணாடியுடனீர் (கண்ணின் உள்ளே நிரம்பியிருக்கும் பசை போன்ற திரவம்): ஒவ்வொரு கண்ணிலிருந்தும் 2 முதல் 3 மில்லிலீற்றர். கண்ணின் வெளி மூலையில் மெல்லிய ஊசியை நுழைத்து மெதுவாக இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் விழித்திரைக் கலங்களும் சேர்ந்து வந்து பொற்றாசியத்தின் அளவைக் கெடுத்துவிடும். எடுத்த பிறகு அதே அளவு உப்புநீரை உள்ளே விடுங்கள். சடலத்தின் முகத்தைக் குடும்பம் பார்க்கப்போகிறது.

சிறுநீர்: இருப்பது முழுவதும், அல்லது 50 மில்லிலீற்றர் வரை. சிறுநீர்ப்பையை வெட்டுவதற்கு முன் அதன் மேற்பகுதியில் ஊசியைக் குத்தி எடுப்பது சுத்தம்.

இரைப்பை: இரு முனைகளையும் கட்டி, தனியாக எடுத்து, ஒரு பாத்திரத்தில் திறக்க வேண்டும். உள்ளடக்கத்தின் மொத்தக் கனவளவைக் கட்டாயம் அளந்து எழுதுங்கள். இது மறக்கப்படும் படி. ஆய்வுகூடம் "100 மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராம்" என்று அறிவிக்கும். இரைப்பையில் 300 மில்லிலீற்றர் இருந்ததென்று நீங்கள் எழுதியிருந்தால் மொத்தம் 30 மில்லிகிராம் என்று கணக்கிடலாம். எழுதாவிட்டால் அந்த எண்ணால் பயனில்லை. மாத்திரைத் துண்டு, நிறம், மணம், எண்ணெய்ப்படலம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மாத்திரைத் துண்டு கிடைத்தால் அதைத் தனிக் குப்பியில் போடுங்கள்.

ஈரல்: 50 முதல் 100 கிராம், வலது சோணையின் ஆழத்திலிருந்து. இடது சோணை இரைப்பையை ஒட்டிக் கிடக்கிறது. இறந்த பின் இரைப்பையிலிருந்து கசியும் மருந்து நேரே அதற்குள் ஊறிவிடும்.

இவற்றோடு பித்தம், ஒரு சிறுநீரகத் துண்டு, தேவையானால் நுரையீரல், மூளை. நாட்பட்ட உட்கொள்ளல் என்ற சந்தேகம் இருந்தால் முடியும் நகமும். உச்சந்தலையின் பின்புறத்திலிருந்து பென்சில் தடிப்பில் முடியை எடுத்து, வேர் முனை எதுவென்று அடையாளமிட்டு அலுமினியத் தாளில் மடிக்க வேண்டும். முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்ரிமீற்றர் வளர்வதால், வேர் முனை தெரிந்தால்தான் எந்த மாதம் என்று சொல்ல முடியும்.

புதைத்த உடலைத் தோண்டினால் பெட்டிக்கு மேலும் கீழும் உள்ள மண்ணையும், சற்றுத் தள்ளிய மண்ணையும் எடுக்க வேண்டும். பிரான்சில் 1840இல், கணவனுக்கு நஞ்சூட்டியதாக ஒரு பெண்மீது நடந்த லபார்ஜ் வழக்கில், உடலில் கண்ட ஆசனிக்கு கல்லறை மண்ணிலிருந்து வந்ததல்ல என்று காட்ட நஞ்சியலாளர் ஓர்பிலா மண்ணையும் சோதித்தார். அந்தக் கேள்வியை இன்றைய சட்டத்தரணியும் கேட்பார்.

இதயத்திலிருந்து எடுப்பது சுலபம். ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?

இறந்த பின் உடல் அசையாமல் கிடந்தாலும் உள்ளே இருக்கும் மருந்து அசைகிறது. உயிருள்ளபோது நுரையீரல், ஈரல், இதயத்தசை ஆகியவற்றில் செறிந்திருந்த மருந்து, கலச்சுவர்கள் சிதைந்ததும் அருகிலுள்ள இரத்தத்துக்குள் வடிகிறது. இரைப்பையில் மிஞ்சியிருப்பதும் பக்கத்து உறுப்புகளுக்குள் கசிகிறது. இதைத்தான் மரணத்துக்குப் பிந்திய மீள்பரம்பல் என்கிறோம். இதயம் இந்த உறுப்புகளின் நடுவே இருக்கிறது. தொடை தூரத்தில் இருக்கிறது.

எந்த மருந்து அதிகம் நகரும்? கொழுப்பில் கரையும், மூலத்தன்மையுள்ள, பரம்பற் கனவளவு (மருந்து இரத்தத்தை விட்டு இழையங்களுக்குள் எவ்வளவு பரவுகிறது என்பதன் அளவு) கிலோவுக்கு 3 லீற்றருக்கு மேற்பட்ட மருந்துகளைச் சந்தேகத்துடன் பாருங்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அமிற்றிப்ரிலின் நல்ல உதாரணம்: வழமையான அளவில் ஒழுங்காக மாத்திரை எடுத்துவந்த ஒருவரின் இதய இரத்தத்தில், அளவுக்கு மீறி விழுங்கியவர் போன்ற எண் வரலாம். இதய மருந்தான டிஜொக்சினும் அப்படியே. அதன் பெரும்பங்கு இதயத்தசையில் கட்டுண்டு கிடப்பதால், இறந்த பின் இதய இரத்தத்தில் ஏறும். எதனோல் (மது) மிகக் குறைவாகவே மீள்பரம்பும். ஆனால் இரைப்பையில் நிறைய மது இருந்தால், அல்லது விபத்தில் இரைப்பையும் பிரிமென்றகடும் கிழிந்திருந்தால், மார்புக்குழி இரத்தம் எந்த மதுக் கணக்குக்கும் உதவாது.

சந்தேகம் வந்தால் ஈரல் துணைக்கு வரும். ஈரல் செறிவைத் தொடை இரத்தச் செறிவால் வகுங்கள். விகிதம் 5க்குக் கீழ் என்றால் அந்த மருந்து பெரிதாக மீள்பரம்பாதது. 20, 30 என்று போனால் நன்றாக மீள்பரம்புவது.

இதய இரத்தமும் முழுக்க வீணல்ல. "என்ன இருக்கிறது" என்று தேடும் முதற்சோதனைக்கு அதைப் பயன்படுத்தலாம். "எவ்வளவு இருக்கிறது" என்பதற்குத் தொடை இரத்தம். போத்தலில் எடுத்த இடத்தை எழுதாமல் வெறுமனே "இரத்தம்" என்று எழுதுவதுதான் மன்னிக்க முடியாதது.

புளோரைட்டு எதற்கு? போமலின் ஏன் கூடாது?

பதனப்பொருளான சோடியம் புளோரைட்டு நுண்ணங்கிகளின் ஈனோலேசு நொதியத்தைத் தடுக்கிறது. அது இல்லாவிட்டால் பற்றீரியாவும் மதுவமும் போத்தலுக்குள்ளேயே குளுக்கோசை மதுவாக்கிவிடும். பிரேத இரத்தத்துக்கு 1 முதல் 2 சதவீதம் வேண்டும்: 10 மில்லிலீற்றர் இரத்தத்துக்கு 100 முதல் 200 மில்லிகிராம். வைத்தியசாலை விடுதியில் குளுக்கோசுக்குப் பயன்படுத்தும் சாம்பல்நிற மூடிக் குழாயில் மில்லிலீற்றருக்குச் சுமார் 2.5 மில்லிகிராம்தான் இருக்கிறது. கால் சதவீதம். அது குளுக்கோசுக்குப் போதும், அழுகத் தொடங்கிய இரத்தத்துக்குப் போதாது. நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். போத்தலை மூடியதும் பலமுறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள்; தூள் அடியில் படிந்து கிடந்தால் பயனில்லை.

இன்னொரு பங்கு இரத்தத்தைப் புளோரைட்டு இல்லாமலும் வையுங்கள். எல்லாவற்றையும் 4 பாகை செல்சியசில் வைக்கலாம். நாட்கள் ஆகுமென்றால் உறைநிலையில்.

இழையத்தைப் பதனிடும் போமலின், நுணுக்குக்காட்டியில் பார்க்கும் இழையவியலுக்கு மட்டும். அது புரதத்தை இறுக்கி மருந்தைப் பிரித்தெடுக்க விடாது, பல மருந்துகளுடன் தாக்கமுறும், சயனைட்டை அழிக்கும். ஈரல் துண்டு இரண்டு எடுத்தால் ஒன்று போமலினில், மற்றது வெறும் பாத்திரத்தில். இரண்டு பாத்திரமும் ஒரே மேசையில் இருந்தால் மாறிப்போகும், மாறியும் இருக்கின்றன.

எம்பாம் செய்த பிறகு மாதிரி எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் பாதி விடையைத் தொலைத்துவிட்டீர்கள். நம் நாட்டில் சடலத்தை வீட்டில் வைத்து அஞ்சலி செலுத்துவது வழக்கம்; மலர்ச்சாலைக்குப் போன உடலில் சில மணித்தியாலத்துக்குள் திரவம் ஏறிவிடும். அந்தத் திரவத்தில் போமல்டிகைட்டு இருக்கும், பெரும்பாலும் மெதனோலும் இருக்கும். எனவே மெதனோல் நச்சுத்தன்மையைப் பற்றி அதன் பிறகு இரத்தத்தை வைத்துப் பேசவே முடியாது. கண்ணாடியுடனீர், சிறுநீர், முடி ஓரளவு தப்பும். பாவித்த திரவத்தின் மாதிரி ஒன்றையும் மலர்ச்சாலையிலிருந்து கேட்டு வாங்கி அனுப்புங்கள்.

மூன்று நாள் விடுதியில் இருந்து இறந்தவருக்கு எந்த இரத்தம் பெறுமதியானது?

அனுமதித்த நேரத்தில் எடுத்தது. மூன்று நாளில் ஈரலும் சிறுநீரகமும் நஞ்சை வெளியேற்றியிருக்கலாம். பிரேத இரத்தத்தில் மிஞ்சியிருப்பது சிகிச்சை மருந்துகள் மட்டும் என்றும் வரலாம். வைத்தியசாலை ஆய்வுகூடம் மிஞ்சிய குழாய்களைச் சில நாட்களில் எறிந்துவிடும். ஆகவே பிரேத பரிசோதனைக் கட்டளை கையில் கிடைத்ததும் முதலில் செய்ய வேண்டியது ஆய்வுகூடத்துக்குத் தொலைபேசி எடுப்பது. இரைப்பை கழுவிய முதல் நீரும் அப்படியே.

கட்டில் குறிப்பிலிருந்து கொடுத்த மருந்துகளின் பட்டியலை எடுத்து விண்ணப்பத்துடன் அனுப்புங்கள். அற்றோப்பின், மிடசோலாம், மோபின் என்று அறிக்கையில் வரிசையாக வரும்போது, எது வைத்தியர் கொடுத்தது, எது நோயாளி தானே எடுத்தது என்று பிரிக்க வேறு வழியில்லை. மெதனோல் குடித்தவருக்கு எதனோலையே மாற்று மருந்தாகக் கொடுப்பதுண்டு. அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் "மது அருந்தியிருந்தார்" என்று முடிவாகிவிடும்.

மதுவின் அளவைக் கணக்கிடச் சொல்லி எல்லாப் பரீட்சையிலும் கேட்கிறார்கள். எப்படி?

விட்மார்க்கின் சூத்திரம்: உடலில் உள்ள எதனோல் கிராம் = இரத்தச் செறிவு × ர × உடல் நிறை. செறிவு லீற்றருக்குக் கிராமில், நிறை கிலோவில். ர என்பது மது உடலில் பரவும் விகிதம்: ஆணுக்குச் சுமார் 0.68, பெண்ணுக்குச் சுமார் 0.55. விட்மார்க் இரத்தத்தைக் கனவளவால் அன்றி நிறையால் அளந்தார். இரத்தத்தின் அடர்த்தி சுமார் 1.055 என்பதால் 5 சதவீத வித்தியாசம் வரும். வாய்மொழிப் பரீட்சையில் சொன்னால் நல்ல பெயர் கிடைக்கும்.

உள்ளூர்க் கணக்கு ஒன்று. 33.5 சதவீத சாராயத்தில் கால் போத்தல், 180 மில்லிலீற்றர். அதில் எதனோல் 60.3 மில்லிலீற்றர். எதனோலின் அடர்த்தி 0.789, எனவே 47.6 கிராம். 70 கிலோ ஆணுக்கு 70 × 0.68 = 47.6. வகுத்தால் லீற்றருக்கு 1 கிராம், அதாவது 100 மில்லிலீற்றருக்கு 100 மில்லிகிராம். (இவ்வளவு அழகாக வருவது தற்செயல்.) அதே கால் போத்தலை 55 கிலோப் பெண் குடித்தால் 47.6 ÷ 30.25, சுமார் 157 மில்லிகிராம். இலங்கையில் வாகனம் ஓட்டுவோருக்கான எல்லை 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம். குடித்தது முழுவதும் ஒரே நேரத்தில் உறிஞ்சப்பட்டதென்றும், இடையில் எதுவும் எரிந்து போகவில்லையென்றும் இந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. உண்மையில் இரண்டும் நடப்பதில்லை.

பின்னோக்கிக் கணக்கிடுவது இன்னும் ஆபத்தானது. விபத்து இரவு 9 மணிக்கு, இரத்தம் எடுத்தது 12 மணிக்கு, கிடைத்தது 60 மில்லிகிராம். உடல் மணிக்கு 10 முதல் 25 மில்லிகிராம் வரை அகற்றும். எனவே 9 மணிக்கு 90 முதல் 135 வரை. எப்போதும் வீச்சாகவே சொல்லுங்கள், ஒற்றை எண்ணாக வேண்டாம். விபத்துக்குச் சற்று முன்தான் குடித்தார் என்றால் 9 மணிக்கு உறிஞ்சல் முடிந்திருக்காது. அப்போது இந்தக் கணக்கே செல்லாது.

உயிருள்ளவரிடம் இரத்தம் எடுக்கும்போது தோலை மதுப் பஞ்சால் துடைக்க வேண்டாம், போவிடோன் அயடீன் போதும். விடுதி ஆய்வுகூடம் நீர்ப்பாயத்தில் (உறைந்த கட்டியை நீக்கிய இரத்தத் திரவத்தில்) அளந்திருந்தால் முழு இரத்தத்தைவிட 12 முதல் 18 சதவீதம் கூடக் காட்டும். நீர்ப்பாயத்தில் 92 என்பது முழு இரத்தத்தில் ஏறத்தாழ 80. எல்லைக்கோட்டில் நிற்கும் வழக்கில் இந்த வித்தியாசமே வழக்கு.

இறந்த பிறகு உடலே மதுவை உண்டாக்கும் என்கிறார்களே?

உண்மை. கொழும்பின் சூட்டில், குளிரூட்டாமல் ஒரு நாள் கிடந்த உடலில் தாராளமாக உண்டாகும். குடித்ததா, அழுகியதா என்று பிரிக்க நான்கு வழிகளைச் சேர்த்துப் பாருங்கள். முதலாவது, கண்ணாடியுடனீர் மூடிய அறைக்குள் இருப்பதால் பற்றீரியா அங்கே பிந்தித்தான் போகும். குடித்தவர் என்றால் உறிஞ்சல் முடிந்தபின் அதன் அளவு இரத்தத்தைப்போல் சுமார் 1.2 மடங்கு இருக்கும். சிறுநீர் சுமார் 1.3 மடங்கு. இரத்தத்தில் மது இருந்து இந்த இரண்டிலும் இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். இரண்டாவது, நோர்மல் புரொப்பனோல் என்ற வேறொரு மதுசாரம் கூடவே இருந்தால் அது அழுகலின் அடையாளம். மூன்றாவது, எதைல் குளுக்குரோனைட்டும் எதைல் சல்பேற்றும் உயிருள்ள உடல் எதனோலை அனுசேபம் செய்யும்போது உண்டாகுபவை. குளுக்குரோனைட்டைச் சில பற்றீரியாக்கள் உடைத்துவிடும், சல்பேற்று கூடுதல் உறுதியானது. நான்காவது, நீரிழிவு நோயாளியா என்று கேளுங்கள். சிறுநீரில் குளுக்கோசும் மதுவமும் சேர்ந்தால் சிறுநீர்ப்பையே வடிசாலை.

முதற்சோதனையில் ஓபியேற் (அபின் வகை மருந்து) நேர்முடிவு. ஹெரோயின் என்று எழுதலாமா?

கூடாது. பிறபொருளெதிரிச் சோதனை ஒரு மூலக்கூறின் வடிவத்தை மட்டும் பார்க்கிறது. ஒத்த வடிவமுள்ள எதுவும் கதவைத் திறக்கும். இருமல் பாணியிலுள்ள கொடெயின் ஓபியேற் நேர்முடிவு தரும். சூடோஎபெட்ரின் அம்பெற்றமைன் நேர்முடிவு தரலாம். மறுபக்கம், பென்ரனிலும் மெதடோனும் வழமையான ஓபியேற் சோதனையில் அகப்படவே மாட்டா. அதே போல போதைப்பொருளுக்கான நிறச்சோதனையில் மார்க்கிஸ் கரைசல் ஊதாவானால் அது ஒரு குறிப்பு, சான்று அல்ல.

உறுதிப்படுத்த வேறொரு தத்துவத்தில் இயங்கும் முறை வேண்டும்: நிறப்பகுப்பால் பிரித்து, திணிவு நிறமாலையால் அடையாளம் காணும் ஜிசி-எம்எஸ் அல்லது எல்சி-எம்எஸ். மதுவுக்குத் தலைவெளி வாயு நிறப்பகுப்பு, உலோகங்களுக்கு ஐசிபி-எம்எஸ். ஒரே தத்துவத்தில் இரண்டு முறை சோதிப்பது உறுதிப்படுத்தல் அல்ல.

ஹெரோயினுக்குரிய கைரேகை 6-மொனோஅசற்றைல் மோபின். ஹெரோயின் உடலில் சில நிமிடங்களில் இதுவாகவும், பிறகு மோபினாகவும் மாறுகிறது. கொடெயினோ கசகசாவோ இதைத் தராது. இரத்தத்தில் விரைவில் மறையும், சிறுநீரில் சில மணித்தியாலம் நிற்கும், கண்ணாடியுடனீரில் இன்னும் கொஞ்சம் தாமதிக்கும். ஊசி ஏற்றிய உடனே இறந்தவரின் சிறுநீரில் எதுவும் இல்லாமலும் போகலாம். சிறுநீர்ப்பைக்குப் போய்ச்சேர நேரம் கிடைக்கவில்லை. சிறுநீர் "உட்கொண்டார்" என்று மட்டும் சொல்லும். "அந்நேரத்தில் மயக்கத்தில் இருந்தார்" என்று சொல்ல இரத்தம் வேண்டும்.

இரைப்பையில் மோபின் இருந்தால் விழுங்கினார் என்றும் முடிவுகட்ட வேண்டாம். மூலத்தன்மையுள்ள மருந்துகள் இரத்தத்திலிருந்து அமில இரைப்பைக்குள் சுரந்து அங்கேயே சிக்கிக்கொள்ளும்.

உறவினர் "மருந்து குடிச்சிட்டார்" என்கிறார். எதை எழுதுவது?

இது மொழிக் கேள்வி, ஆனால் மாணவர்களைப் பலமுறை சறுக்கிவிட்டது. விவசாயக் குடும்பங்களில் "மருந்து" என்றால் பயிருக்கு அடிக்கும் கிருமிநாசினி. "மருந்து அடிக்கிறது" என்றால் தெளிப்பது. கொழும்பில் பிறந்து வளர்ந்த மாணவர் இதை மாத்திரை என்று எழுதிவிட்டு, தூக்க மாத்திரை வகையான பென்சோடயசெப்பினுக்கு விண்ணப்பித்துவிடுவார். "என்ன மருந்து அம்மா, போத்தலா பெட்டியா, வயலுக்கு அடிக்கிறதா, ஆஸ்பத்திரியில தந்ததா?" என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள். போத்தல் வீட்டில் இருந்தால் பொலிஸார் மூலம் எடுப்பியுங்கள். சோடாப் போத்தலில் ஊற்றி வைத்திருந்தார்களா என்பதையும் கேளுங்கள். அப்போது சிட்டைக்கும் உள்ளே இருந்ததற்கும் தொடர்பிராது.

ஒகனோபொஸ்பேற்று வகைக் கிருமிநாசினியில் மூக்குக்கு முதலில் எட்டுவது பெரும்பாலும் கரைப்பானின் மண்ணெண்ணெய் போன்ற மணம். இந்த நஞ்சு முடக்கும் நொதியமான செங்குழியக் கோலினெசுத்தரேசு குறைந்திருப்பது நல்ல சான்று; திரவவிழையத்தில் (இரத்தத்தின் திரவப் பகுதியில்) உள்ள மற்ற வகை ஈரல் நோயிலும் குறையும். மாதிரியை எடுத்தவுடன் குளிர்ந்த உப்புநீரில் ஐதாக்கிக் குளிரில் வைக்க வேண்டும். நஞ்சும் நொதியமும் குழாய்க்குள்ளும் தாக்கமுறுவதை நிறுத்துவதில்லை. மேசையில் விட்டுவைத்த குழாய் நோயாளியைவிட மோசமான எண்ணைத் தரும்.

களைகொல்லியான பரகுவாட் இலங்கையில் 2008க்கும் 2011க்கும் இடையில் டைமெதோவேற்று, பென்தியோன் ஆகியவற்றுடன் படிப்படியாக விலக்கப்பட்டது. அதற்கு முன் 1995இல் உலக சுகாதார தாபனத்தின் முதலாம் வகுப்பில் (மிக நச்சுத்தன்மையானவை) வரும் கிருமிநாசினிகளும், 1998இல் என்டோசல்பானும் நீக்கப்பட்டன. பழைய வழக்குகளை வாசிக்கும்போது எந்த ஆண்டு என்று பார்த்தால் எந்த நஞ்சு என்பதை ஊகிக்கலாம். பரகுவாட் சோதனை எளிது: காரமாக்கிய சிறுநீரில் சோடியம் டைதயோனைற்றைப் போட்டால் நீலம். டைகுவாட் என்றால் பச்சை. இரண்டு மூன்று வாரம் கழித்து நுரையீரல் நாராகி இறந்தவரின் இரத்தத்தில் பரகுவாட்டைத் தேடி ஏமாற வேண்டாம். அங்கே பேசுவது நுரையீரல் இழையம்.

அலரி விதை, நியங்களாக் (கார்த்திகைப்பூ) கிழங்கு: இவற்றை ஆய்வுகூடம் கண்டுபிடிக்குமா?

நீங்கள் சொன்னால் தேடும். மஞ்சள் அலரி வட பகுதியில் எவ்வளவு பெரிய பிரச்சினையாக இருந்தது என்பதற்கு, யாழ்ப்பாணத்திலிருந்து 170 பேரை ஆராய்ந்து 1988இல் வெளியான கட்டுரை சான்று. அதிலுள்ள இதயக் கிளைக்கோசைட்டுகள் டிஜொக்சின் பிறபொருளெதிரிச் சோதனையுடன் குறுக்குத் தாக்கம் காட்டும். டிஜொக்சின் எடுக்காத இளைஞரின் அனுமதி இரத்தத்தில் "டிஜொக்சின்" வந்தால் அலரியை நினையுங்கள். ஆனால் அந்த எண்ணை டிஜொக்சின் அட்டவணையில் வைத்துப் பார்க்காதீர்கள். அது வேறு மூலக்கூறுகளின் நிழல். இரைப்பையில் விதைத் துண்டு கிடைத்தால் அதைக் கழுவாமல் தனியாக வையுங்கள்.

நியங்களாக் கிழங்கில் உள்ளது கொல்சிசின். இரத்தத்தில் மிகச் சிறிய அளவே இருக்கும், எல்சி-எம்எஸ் இல்லாமல் அகப்படாது. பித்தமும் சிறுநீரும் இரத்தத்தைவிட உதவும். வாந்தி, வயிற்றோட்டம், பிறகு பல உறுப்புகள் செயலிழப்பு என்று போவதால் தொற்றுநோய் என்று எழுதி மூடிவிடக்கூடிய மரணம் இது.

காபனோரொட்சைட்டும் சயனைட்டும்?

சுருக்கமாக. இறந்தவர் மூச்சுவிடுவதில்லை என்பதால் காபொட்சிஈமோகுளோபின் (காபனோரொட்சைட்டு பிணைந்த ஈமோகுளோபின்) இரத்தத்தில் நன்றாகத் தங்கும். புகைபிடிக்காதவரில் 1 முதல் 2 சதவீதம், புகைபிடிப்பவரில் 10 வரை, 50க்கு மேல் தனியே மரணத்தை விளக்கப் போதும். இதய நோயாளிக்கு அதைவிடக் குறைவே போதும். குழாயை மூடி வரை நிரப்புங்கள். தீயில் இறந்தவரின் மூச்சுக்குழலில் கரியும் இரத்தத்தில் உயர்ந்த அளவும் இருந்தால் தீ மூண்டபோது உயிரோடிருந்தார். செந்நிறப் பிணக்கறை (இறந்த பின் இரத்தம் தேங்கித் தோலில் தெரியும் நிறம்) மட்டும் போதாது; குளிர்பெட்டியில் வைத்த உடலும் அப்படித்தான் இருக்கும்.

சயனைட்டின் கசப்பு வாதுமை மணம் எல்லாருக்கும் தெரியாது, பரம்பரையாகவே பலருக்கு அதை உணர முடியாது. மணக்கவில்லை என்பது சான்றல்ல. சந்தேகம் இருந்தால் இரைப்பையைக் காற்றோட்டமுள்ள இடத்தில், முகத்தைத் தள்ளி வைத்துத் திறவுங்கள். சேமிப்பில் அதன் அளவு கூடவும் குறையவும் செய்யும், எனவே தாமதிக்காமல் அனுப்புங்கள்.

"நஞ்சு எதுவும் காணப்படவில்லை" என்று அறிக்கை வந்தால்?

எதைத் தேடினார்கள் என்று முதலில் கேளுங்கள். எல்லா நஞ்சையும் கண்டுபிடிக்கும் ஒற்றைச் சோதனை கிடையாது. இன்சுலின் சாதாரணத் தேடலில் வராது. சந்தேகம் இருந்தால் குருதியைச் சிவப்பணு சிதையுமுன் சுழற்றிப் பிரித்து, இன்சுலினோடு சி-பெப்ரைட்டையும் (உடல் தன் சொந்த இன்சுலினோடு சேர்த்துச் சுரப்பது) கேட்டு, ஊசி குத்திய இடத்துத் தோலை அடிக்கொழுப்புடன் வெட்டி அனுப்ப வேண்டும். பாம்பு நஞ்சும் அப்படியே. மற்றக் காரணங்கள்: நேரம் கடந்து வெளியேறியது, மாதிரி போதாது, கெட்டுப்போனது, அல்லது உண்மையிலேயே இல்லை. "விஷம் உள்ளதா எனப் பார்க்கவும்" என்று மட்டும் எழுதிய விண்ணப்பத்துக்கு இதைவிட நல்ல விடை வராது. வயது, தொழில், இறந்ததாகக் கருதும் நேரம், கடைசியாக உண்டது, எடுத்துவந்த மருந்துகள், வைத்தியசாலையில் கொடுத்தவை, உடலில் கண்டவை, நீங்கள் சந்தேகிக்கும் இரண்டு மூன்று பொருள்கள்: ஒரு பக்கத்துக்குள் எழுதிவிடலாம்.

கொல்லும் செறிவு அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டாம், வாசிக்கத் தெரிந்தால் போதும். அந்த அட்டவணைகளில் பல எண்கள் உயிருள்ளவரின் திரவவிழையத்திலிருந்து வந்தவை. உங்கள் கையில் இருப்பது இறந்தவரின் முழு இரத்தம். மோபினுக்குப் பழகியவருக்குச் சாதாரணமான எண், பழகாதவரைக் கொல்லும். சிறையிலிருந்து வெளிவந்து பழைய அளவையே ஏற்றியவர் இறப்பது இதனால்தான். மது, பென்சோடயசெப்பின், ஓபியேற் ஒவ்வொன்றும் "சிகிச்சை அளவில்" இருந்து மூன்றும் சேர்ந்து சுவாசத்தை நிறுத்தலாம். பரசிற்றமோலுக்கான 4 மணி நேரத்தில் லீற்றருக்கு 150 மில்லிகிராம் என்ற கோடு, உயிருள்ள நோயாளிக்கு மாற்று மருந்து கொடுப்பதா என்று தீர்மானிக்க வரைந்தது. அதைப் பிரேத இரத்தத்தில் பிரயோகிக்காதீர்கள்.

பெயர்ச்சிட்டையில் என்ன இருக்க வேண்டும்?

இறந்தவர் பெயர், பிரேத பரிசோதனை இலக்கம், திகதி, நேரம், மாதிரி எது, எடுத்த இடம், சேர்த்த பதனப்பொருள், எடுத்தவர் கையொப்பம். சிட்டையைப் போத்தலில் ஒட்டுங்கள், மூடியில் அல்ல, மூடிகள் மாறும். அரக்கு முத்திரையின் மாதிரிப் பதிவு ஒன்றைத் தனிக் கடிதத்தில் வைத்தால் பெறுபவர் ஒப்பிடலாம். கைமாறும் ஒவ்வொரு முறையும் யார், எப்போது, முத்திரை முழுமையாக இருந்ததா என்று பதிய வேண்டும். ஒரு இரவு யாருடைய மேசையில் இருந்ததென்று தெரியாத போத்தலை எதிர்த்தரப்புச் சட்டத்தரணி விடமாட்டார், விடவும் கூடாது.

வெளியே நிற்கும் குடும்பம் "நஞ்சு தானே டொக்டர்?" என்று கேட்டால்?

மாணவர் பதில் சொல்லக்கூடாது. சட்ட வைத்திய அதிகாரியிடம் அழைத்துப் போங்கள். அவர் சொல்வதும் பெரும்பாலும் இவ்வளவுதான் இருக்கும்: "மாதிரி எடுத்து அனுப்பியிருக்கிறம் ஐயா. முடிவு நீதிமன்றத்துக்குத்தான் போகும், நாள் எடுக்கும். உடலை இப்ப கொண்டு போகலாம், அதுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை." தகனம் செய்யலாமா என்று கேட்டால் விசாரணை அதிகாரியின் கட்டளையைப் பார்த்த பிறகே பதில் சொல்ல வேண்டும். எரித்த உடலிலிருந்து இரண்டாவது மாதிரி எடுக்க முடியாது.